கட்டைவிரலுக்கு ஓர் இடம்

மவுன் விமான நிலையம், செப்டம்பர்.
எட்டு மணிக்கே தார் இளகுகிறது.
ஆறு இருக்கை செஸ்னாவின் கதவைத் திறந்துவைத்து
விமானியின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
பறக்கப்போவதில்லை.
மடியில் பென்சில், அழிப்பான்,
அடித்துத் திருத்திய பதினோராவது தாள்.

கையேடு முந்நூறு பக்கம்.
அதை உள்ளங்கை அகலத்துக்குள் இறக்க வேண்டும்.
எதை விட்டாலும் ஒருவன் சாகலாம்.
எதையும் விடாவிட்டால்
ஒருவனும் படிக்கமாட்டான்.

முதலில் போனது 'சரிபார்க்கவும்'.
அந்தச் சொல்லுக்கு எல்லோரும் தலையாட்டிவிடுகிறார்கள்,
கண் அசைவதில்லை.
அதன் இடத்தில்:
இறக்கையில் ஏறு. மூடியைத் திற. குச்சியை விடு.
நீலம் நனைத்த அளவைச் சத்தமாகச் சொல்.
"அதட்டுகிற மாதிரி இருக்கிறதே, மா போய்னீலோ"
என்றார் தலைமை விமானி ராமோகோ.
மரியாதைக்கு அரை நொடி ஆகும் ரா, என்றேன்.

வரிசையை மூளை தருவதில்லை,
முழங்கை தருகிறது.
கை இடப்பக்கச் சாவியில் தொடங்கி
பலகையின் குறுக்கே போய்
தரையில் இருக்கும் எரிபொருள் திருகில் இறங்கவேண்டும்,
திரும்பி வந்து எதையும் தேடக் கூடாது.
தேடுகிற கை தாவும்.
தாவுகிற கை ஒன்றை விடும்.

யானைக்கு நானே ஒரு வரி சேர்த்தேன்.
இறங்குமுன் தளத்தின் மேல் ஒருமுறை தாழப் பற.
கையேடு அச்சான கான்சாஸில்
மண் ஓடுதளத்தின் நடுவே
குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டு
யாரும் நிற்பதில்லை போலும்.

மே மாதம்.
அங்கோலாவில் பெய்த மழை
டெல்டாவுக்கு நடந்து வந்து சேரும் பருவம்.
ஓட்சிலேயின் இன்ஜின் நாணல்களுக்கு மேலே நின்றுபோனது.
காய்ந்திருந்த ஒரு புல்திட்டைக் கண்டுபிடித்தான்,
மூக்குச் சக்கரத்தை மட்டும் பலிகொடுத்தான்.
மூன்று பயணிகள். ஒருத்திக்கு மணிக்கட்டில் பிசகு.
வலத் தொட்டி நிறைந்திருந்தது.
இடத் தொட்டியில் வாசனை.
அறிக்கை மூன்றே சொல்லில் முடிந்தது:
விமானியின் கவனக்குறைவு மட்டுமே.

அவனுடைய அட்டையை என் மேசைக்கு அனுப்பியிருந்தார்கள்,
கோப்பில் சேர்க்க.
நெகிழித்தாள் ஓரிடத்தில் வழுக்கையாகியிருந்தது.
அவன் பிடித்திருப்பான் என்று தோன்றியபடி பிடித்துப் பார்த்தேன்.
என் கட்டைவிரல்
ஒன்பதாவது வரிமேல் போய் உட்கார்ந்தது:
அரைமணிக்கொருமுறை, தொட்டியை மாற்று.

கொட்டகைக்கு ஓடி
எல்லா விமானங்களின் பைகளையும் துழாவினேன்.
பதினான்கு அட்டை.
பதினொன்றில் அதே வழுக்கை,
அதே வரி வியர்வையில் வெளுத்து.
கீழே மூலையில் மிகச் சிறிதாக
தயாரித்தவர் பெயர்.
என் பெயர்.

விசாரணைக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன்,
அட்டை எழுதியவளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி.
பதில் இல்லை.
ஓட்சிலே ஃபிரான்சிஸ்டவுனில்
சிமென்ட் லாரி ஓட்டுகிறான்.
ஒருநாள் போன் செய்தேன்.
விஷயத்தைச் சொன்னதும் நெடுநேரம் பேசவில்லை.
பிறகு, "இப்போது கையில் அட்டை இல்லை,
ஒரே ஒரு தொட்டிதான்" என்றான்.
சிரித்தானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆகவே இந்தப் பதினோராவது தாளில்
ஓரமாக இரண்டு விரல் அகலம் வெள்ளை.
அச்சகத்துக்காரர் கேட்டார்,
இங்கே விளம்பரம் போடலாமா?
வேண்டாம்.
அங்கே ஒருவருடைய விரல் வரும்.

புதிதாகச் சேர்ந்த சேதுன்யாவைக் கூப்பிட்டு
நீட்டுகிறேன்.
படி. எங்கெங்கே தடுக்குகிறது என்று சொல்.
அவள் இடதுகைக்காரி.
மறுபக்கமாக வாங்குகிறாள்,
வெள்ளை ஓரம் வெயிலில் சும்மா கிடக்க,
அழகாக நகம் வெட்டிய கட்டைவிரல்
'கதவு, பூட்டு' என்பதன்மேல்
மெத்தென்று படிகிறது.

அழிப்பான் காலடியில் எங்கோ விழுந்திருக்கிறது.
குனிந்து தேடுகிறேன்.