ஒன்றரை லிட்டர்

பர்மா சாலைக் கடையில்
பையை ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினான் தியோ.
இருநூற்றுப் பத்து கிராம்தான்.
உலர் எடையா என்று கேட்டேன்.
அவனுக்குப் புரியவில்லை.
எங்கள் டயாலிசிஸ் நிலையத்துச் சொல் அது:
மிச்ச நீரெல்லாம் இறங்கிய பிறகு
ஓர் ஆள் எவ்வளவு கனம் என்பது.

முதல் பை ஆணுக்குத் தைத்தது.
முன்பக்கப் புட்டிகள் இரண்டும்
என் மார்பு ஏற்கெனவே குடியிருக்கும் இடத்தில்
இடம் கேட்டன.
அடுத்ததில் அக்குளோரம் ஒரு தையல் விளிம்பு.
இப்போது கூசுவது
முப்பதாவது கிலோமீட்டரில் அறுக்கும்.

மூன்றாவது, இரண்டு லிட்டர்.
நிரப்பித் தரச் சொல்லி
கடைக்கு வெளியே அஞ்சடியில் ஓடிப் பார்த்தேன்.
களக் களக்கென்று
யாரோ குடத்தோடு துரத்துவதுபோல்
என் ஒவ்வோர் அடிக்கும் அரையடி பிந்தி வந்தது தண்ணீர்.
சார் குவே தியோ தின்றுகொண்டிருந்தவர்
தட்டோடு நகர்ந்து வழிவிட்டார்.

கவிழ்த்துப் பிடித்துக் காற்றை உறிஞ்சிவிடு,
சத்தம் நிற்கும், என்றான் தியோ.
அது எனக்குத் தெரிந்த வேலை.
குழாயில் ஒரு குமிழி நுழைந்தாலும்
எங்கள் இயந்திரம் ஊரைக் கூட்டும்.

செவ்வாய், வியாழன், சனி,
ஐந்தாம் நாற்காலி மரியசூசைக்கு.
பட்டர்வொர்த்துக்கும் ஈப்போவுக்கும் லாரி ஓட்டியவர்.
நாளுக்கு அரை லிட்டர் அவருக்கு.
ரசம், தேநீர்,
மாத்திரையை உள்ளே தள்ளும் மிடறு
எல்லாம் அதற்குள்தான்.
போன வாரம் மூன்றரை கிலோ ஏறி வந்தார்.
தர்பூசணி, என்றார் காலைப் பார்த்துக்கொண்டு.
திட்டினேன்.
அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

என் கைப்பேசியில் பைகளைப் பார்த்துவிட்டு
இது எவ்வளவு பிடிக்கும் சிஸ்டர் என்றார்.
இரண்டு லிட்டர்.
நாலு நாள், என்றார்.
பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.
தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

முந்நூற்று எண்பத்தொன்பது வெள்ளி.
ஒன்றரை லிட்டர் பையைத்தான் எடுத்தேன்.
ஐம்பது கிலோமீட்டர் பந்தயத்தில்
அதற்குக் குறைந்தால் கோட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.
அதற்கு மேல் சுமக்க
என் இடது முழங்காலுக்குச் சம்மதமில்லை.

ஞாயிறு விடியுமுன் தண்ணீர்மலை.
பேரில் மட்டும்தான் தண்ணீர்.
வேர்ப்படிகளில் ஏற ஏற
சட்டை, காலுறை, புருவம் எல்லாம் என் உப்பு.
நீலக் குழாய் தோளைச் சுற்றி வந்து
கன்னத்தருகே ஆடியது.
கடித்தால் தந்தது, விட்டால் நிறுத்தியது.
முதல் மிடற்றில் பிளாஸ்டிக் வாடை.
இரண்டாவதில் அது தெரியவில்லை.
கொடிமலை உச்சியில்
குரங்கு ஒன்று என் முதுகையே பார்த்தது.
இறங்கும்போது பை வற்றி
ஈரத்தோலாய் ஒட்டிக்கொண்டது.

திங்கள் காலை, யாரும் வருமுன்,
நோயாளிகளின் தராசில் ஏறினேன்.
ஒரு கிலோ குறைந்திருந்தேன்.
உடனே இறங்கிவிட்டேன்,
எதையோ திருடியவள் மாதிரி.

செவ்வாய்க்கிழமை
வாங்கியாச்சா என்றார் மரியசூசை.
ஒன்றரை.
ஏன், ரெண்டு வாங்கலையா?
கனமா இருக்கு.
ஆமா, என்றார்,
தண்ணி கனம்தான்.
சட்டைக் கையை மடித்துவிட்டு
ஊசிக்கு இடக்கையை நீட்டினார்.