ழகரம் நிற்காத இடம்

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
நாற்பது நிமிடம் என்று கணக்கு.
எங்கள் பாட்டு பதினோரு நிமிடம்.
சரக்கு வண்டி இஞ்சின் மாற்றிக் கிளம்புவதற்குள்
மூன்று முறை வாசித்து
மூன்று முறையும் சண்டை போடலாம்.

மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மாடியில்
முட்டை அட்டை ஒட்டிய அறை.
வாடகை ஆயிரத்து எழுநூறு, கரண்ட் தனி.
ப்ரோக்ரெசிவ் டெத் மெட்டல் என்று நோட்டீஸ் அடிக்கப் போனபோது
அச்சகத்தில் கறுப்புக் கட்டம் கட்டி
"போட்டோ எங்க தம்பி?" என்றார்கள்.

ஏழாவது நிமிடத்தில்தான் தகராறு.
ஏழேழாக எண்ணி வந்த தாளம் அங்கே ஐந்தாக ஒடியும்,
கிதார் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்.
வைத்தீஸ்வரன் மூன்று மாதம் விரல் தேய எழுதிய இடம்.
அதன்மேல் ஜெனோவா
அடிவயிற்றிலிருந்து உறுமுகிறாள்.

"நட்ட வயல்ல டிராக்டரை இறக்கின மாதிரி இருக்கு.
இந்த ஒரு இடத்துலயாவது
மனுஷக் குரல் வேணும்."

"அப்ப இது என்ன குரல்?"
வெந்நீரை ஊதிக் குடித்தபடி கேட்கிறாள்.

நஜ்முதீனுக்கு அழகைப் பற்றிக் கவலையில்லை.
டிரம்முக்குப் பின்னாலிருந்து குச்சியை நீட்டுகிறான்:
உறுமலில் ழகரம் நிற்கவில்லை.
கொள்ளிடம் கரை மீறிய மறுநாளைப் பற்றிய வரி,
'வாழை முழுக்கச் சாய்ந்து கிடந்தது'.
கூத்தாநல்லூரில் அவன் மச்சான் கேட்டுவிட்டு
"மீன் ஏன்டா சாஞ்சு கிடக்கு?" என்றானாம்.

ஜெனோவா சிரிக்கவில்லை. கபிஸ்தலத்துக்காரி.
"கெடக்கட்டும். அன்னிக்கு எங்க கொல்லையில
மீனும்தான் கெடந்துச்சு."

நான் பேஸ்.
பேஸிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.
கேட்டால் சொல்வேன்:
இனிமையான குரல் எங்கே அழ வேண்டுமென்று
முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, அது எனக்கு ஆகாது.
ஆனால் ஒரு மணி நேரம் போனால்
அவள் உறுமலும் எனக்கு
பம்புசெட்டுதான்.

போன வியாழன், சரியாக அந்த இடத்தில், கரண்ட் போயிற்று.
என் பேஸ் வெறும் கம்பி ஆனது.
நஜ்மு குச்சியை இறக்கினான்.
கண்ணை மூடியிருந்த அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

மைக் இல்லாத அந்த உறுமல்
பக்கத்துப் படுக்கையில் ஒருவர் கனவில் முனகும் அளவுதான் இருந்தது.
கீழே கேட்டில் நின்ற பஸ்ஸில்
வெள்ளரிப் பிஞ்சுக்குப் பேரம் நடந்தது,
அது இதைவிடச் சத்தம்.
இத்தனை நாளும் அவள் கத்தவே இல்லை.
மூச்சை ஒடுக்கி, தொண்டையின் ஓரத்தில் உரசவிட்டு
கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்திருக்கிறாள்.
பெரிதாக்கிய குமிழ்
வைத்தியின் கைப்பக்கம் இருந்தது.

வரி தெளிவாகக் கேட்டது.
வாளை என்றுதான் கேட்டது.

கரண்ட் வந்ததும் வைத்தி சொன்னான்,
"இப்பவும் எனக்குப் பிடிக்கல."
பிறகு ஒயரைச் சுற்றிக்கொண்டே, அவளைப் பார்க்காமல்,
"வலிக்குமா?"
"பாடினா வலிக்காது.
உங்ககிட்டப் பேசினாத்தான் கட்டிக்குது."

கேட் திறந்து ஹாரன்கள் ஒன்றையொன்று முந்தின.
வரி எழுதிய தாளில் நஜ்மு
ழ-வை அடித்து ள போட்டான்.
வைத்தி பிடுங்கி ள-வை அடித்து ழ போட்டான்.
அவள் மறுபடி.
பேனா என்னிடம் வந்தபோது
அந்த இடத்தில் தாள் ஓட்டையாகியிருந்தது.