பதினோராம் வகுப்புக்கு ஒரு சிவப்பு வெங்காயம்

ஏழே முக்காலுக்கு முதல் மணி.
அதற்குள் இருபத்தாறு கண்ணாடித் தகடுகள் வேண்டும்.
பிளேடால் சின்னச் சதுரம் கீறி
இடுக்கியால் இழுத்தால்
சத்தமில்லாமல் உரிந்து வருகிறது ஊதாத் தோல்.
ஸ்டைன்டோர் பக்கத்துக் கடையில் நேற்று வாங்கியது,
கிலோ ஒன்று தொண்ணூற்றொன்பது.
பள்ளிக்கூடம் ரசீது கேட்கும்.

ஹாலே, உப்பு விற்றுப் பெரிதான ஊர்.
சாலே ஆற்றோரம் உப்புநீர் காய்ச்சியவர்களுக்கு
அருங்காட்சியகமே உண்டு.
நான் காய்ச்சுவதில்லை, கரைக்கிறேன்:
லிட்டருக்கு அறுபது கிராம்,
கடைசி அலமாரி, நீல மூடிப் புட்டி.

பதினெட்டு வருடமாக இதே வேலை.
செல்லின் சவ்வை ஒருநாளும் பார்த்ததில்லை.
எங்கள் நுண்ணோக்கிக்கு எட்டாத மெல்லிசு.
பார்ப்பதெல்லாம்
நிறம் எங்கே நின்றுபோகிறது என்பதைத்தான்.

படத்தில் சுலபம்: ஒரு தலை, இரண்டு வால்.
தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு ஆகாது.
ஆகாத வால்கள் ஒன்றையொன்று பார்த்து
இரண்டு வரிசையாய் ஒதுங்க,
அந்த ஒதுக்கம்தான் உயிரின் ஓரம்.
பசை இல்லை. ஆணி இல்லை.
யாரும் யார் கையையும் பிடித்திருக்கவில்லை.
மழைக்கு ஒதுங்கியவர்கள்
கூரைக்கடியில் இடம் மாறிக்கொள்வதுபோல
நகர்ந்தபடியே இருக்கிறார்கள்.

ஆக்சிஜன் கேட்காமல் நுழையும்.
தண்ணீர் கொஞ்சம் இடுக்கில் கசியும்,
மீதி தனக்கென்று வைத்த துளைவழி போகும்.
சர்க்கரை வாசலில் நிற்கும்,
அதற்கான புரதம் திரும்பிப் பார்க்கும்வரை.
உப்புக்கு அவ்வளவுகூட மரியாதை இல்லை.
ஆனால் உப்பு வெளியே வந்து நின்றால்
உள்ளிருக்கும் தண்ணீர்
அதைப் பார்க்கக் கிளம்பிவிடும்.

விளிம்பில் ஒரு சொட்டு உப்புநீர்,
எதிர்விளிம்பில் வடிதாள்.
"சுருங்குது" என்கிறான் ஆன்ஸ்கார்.
சுவர் அங்கேயே நிற்க
உள்ளே இருப்பது தன்னை மடித்துக்கொண்டு
மூலைக்குப் போகிறது.
கவனமாகத் திருகினால் சில நேரம் தெரியும்,
சிலந்தி நூலைவிட மெல்லிய இழைகள்,
சவ்விலிருந்து சுவருக்கு.
விலகியும் விடாதவை.
பிறகு குழாய்த் தண்ணீர்.
ஊதா மறுபடி சுவர்வரை விரிகிறது.
யாரும் கைதட்டுவதில்லை.
யாரோ ஒருவர் "ஓ" என்பார்கள், அது போதும்.

யோர்டிஸின் தகடு மட்டும் திரும்பவில்லை.
அரை மணி உப்பில் மறந்துவிட்டாள்.
ஒரு செல்லில் நிறம்
ஓரம் தெரியாமல் கலைந்து
சுவரும் தாண்டிப் பக்கத்து அறைவரை
வெளிறிக் கிடந்தது.
"எல்லாம் உள்ளே போகுது, எல்லாம் வெளியே வருது.
இது நல்லதுதானே?"
என்னைத்தான் கேட்டாள், ஆசிரியையை அல்ல.
செத்துவிட்டது என்றேன்.

அவள் குறிப்பேட்டில் எழுதினாள்:
செல் எண் ஏழு. இனி எதையும் மறுப்பதில்லை.
திருமதி வீச்சோரெக் அதை அடித்துவிட்டு
'தேர்ந்து அனுமதிக்கும் தன்மையை இழந்தது' என்று திருத்தினார்.
இரண்டும் சரி.
எனக்கு முதலாவது ஒட்டிக்கொண்டது.

தகடுகளைக் கழுவும்போது குண்ட்ராம் வந்தார்.
சனிக்கிழமையும் நீயே வந்துவிடேன்,
உனக்கென்ன, குடும்பமா குட்டியா.
மூன்று வருடமாக நான்தான் வருகிறேன்.

என் உடம்பில் ஒரு பம்பு இருக்கிறது,
வெங்காயத்தில் இருப்பதல்ல, வேறு:
மூன்று சோடியத்தை வெளியே தள்ளி
இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது,
சரிவுக்கு எதிராக, தூங்கும்போதும்.
தின்ற சோற்றில் ஏறக்குறைய கால் பங்கு
இருந்த இடத்தில் இருக்கவே செலவாகிறது.

முடியாது என்றேன்.
குரல் கீச்சென்றுதான் வந்தது.
அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்,
அவ்வளவுதான் நடந்தது.

இரவு வெள்ளரிக்காய் சீவி உப்புத் தூவினேன்.
பத்து நிமிடத்தில் தட்டெல்லாம் தண்ணீர்.
மிஞ்சிய பாதி வெங்காயம் பையிலேயே கிடந்தது,
பள்ளிக்கூடத்துச் சொத்து.
அதையும் நறுக்கிப் போட்டேன்.
கண் எரிந்தது.
அது வேறு பாடம்.