நூற்று மூன்றுக்கு வரும் இருமல்கள்

டிசம்பர். உலான்பாத்தர்.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
மலைச்சரிவுக் கூடாரங்கள்
ஆளுக்கொரு தகரக் குழாய் வைத்துக்
கரி புகைக்கின்றன.
ஊர் முழுக்க ஒரே நெஞ்சு.
அதன்மேல் வைத்த காது நான்.

யார் முகத்தையும் பார்த்ததில்லை.
பெயரைச் சொல்லுமுன் இருமிவிடுகிறார்கள்.
இருமல்தான் முதலில் பேசும்,
ஆள் அப்புறம்.

ஒன்று பத்துக்கு ஒரு தாய்.
அவள் குரலுக்குப் பின்னால் குரைப்பு.
வேலைக்கு வந்த புதிதில்
"நாயை வெளியே கட்டுங்கள்" என்றிருக்கிறேன்,
இன்னும் வெட்கமாக இருக்கிறது.
இரண்டு வயதுக் குரல்வளை வீங்கினால்
பிள்ளை அப்படித்தான் குரைக்கும்.
மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள்.
அழவிடாதீர்கள், அழுதால் வழி இன்னும் குறுகும்.
மூச்சை இழுக்கையில் விலா குழிகிறதா?
வண்டி கிளம்பிவிட்டது.
கையேட்டில் அடுத்த வரி:
குளிர்ந்த வெளிக்காற்று இதம் தரும்.
எழுதியவர் எங்கள் வெளிக்காற்றை
ஒருமுறைகூடச் சுவாசித்திருக்க மாட்டார்.
கதவைத் திறக்காதீர்கள் அம்மா,
குளிர்பெட்டியைத் திறங்கள்.
உறைந்த ஆட்டு விலாக்களின் முன்னால்
ஒரு குழந்தை
சுத்தமான குளிரைக் குடிக்கிறது.

பிறகு ஒரு ரயில்வேக்காரர். வறட்டு இருமல்.
தொண்டையில் இறகு மாட்டிக்கொண்ட மாதிரி
ஒரு மாதமாக.
ரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரையா?
ஆமாம், எப்படித் தெரியும்?
சில நேரம் மருந்தே இருமும்.
நீங்களாக நிறுத்தவேண்டாம்,
காலையில் டாக்டரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

எட்டு மாதக் குழந்தைக்குத் தேன் தரலாமா?
கூடாது. ஒரு வயது ஆகட்டும்.
உங்களுக்கு வேண்டுமானால்
சத்ஸர்கான் சாற்றைச் சுடவைத்து, தேன் விட்டுக் குடியுங்கள்.

படுத்தால் மட்டும் வருகிற இருமல் ஒன்று.
எத்தனை தலையணை?
போன வாரம் இரண்டு. நேற்று மூன்று.
இன்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.
பூட்ஸ் காலுக்குள் போகிறதா?
நீண்ட மௌனம்.
போகவில்லை.
சளி இல்லை ஐயா அது.
இறைக்கத் திணறும் இதயம்
நெஞ்சுக்குள் நீரைத் தேக்குகிறது.
உட்கார்ந்தே இருங்கள், வருகிறோம்.

கக்குவானை எண்ணிக்கொண்டே கேட்பேன்.
பதினாறு, பதினேழு, பதினெட்டு,
மூச்சு தீர்ந்து
கடைசியில் ஒரு நீளக் கூவல்.
கூவினால் காற்று உள்ளே போயிற்று என்று அர்த்தம்.
கூவாத கைக்குழந்தைக்குத்தான்
நான் பயப்படுவேன்.

நாலு இருபது.
வரிசையில் யாருமில்லை.
வெந்நீர்க் குழாய் டிக்கிட்டது,
சுவர்க் கடிகாரம் டிக்கிட்டது,
இரண்டுக்கும் நடுவே
பக்கத்து நாற்காலியில்
சால்வைக்குள் பொத்தி, மரியாதையாக,
ஒரு சின்ன இருமல்.

ஒதோன்சிமெக், எப்போதிருந்து?
எது?
அதுதான்.
முதல் பனி விழுந்ததிலிருந்து இருக்கும்.
முதல் பனி அக்டோபரில்.
இரவில் வியர்க்கிறதா என்று கேட்கவில்லை:
மாற்றுச் சட்டை ஒன்று அவள் நாற்காலி முதுகில்
வாரக்கணக்காகத் தொங்குகிறது.
அவள் பெல்ட்டில் புது ஓட்டை,
ஆணியால் குத்தியது.
புகைதான், யாருக்குத்தான் இல்லை, என்றாள்.
தொலைபேசியில் எவர் சொன்னாலும்
நான் ஒப்புக்கொள்ளாத பதில்.

சளிப் பரிசோதனை டப்பா எடுத்து வந்தேன்.
விடிந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு
ஆழத்திலிருந்து எடு, எச்சில் வேண்டாம்.
அதுவாக இருந்தால் ஆறு மாதம் மாத்திரை,
தேவலை என்று தோன்றுகிற நாளிலும்.
பிள்ளைகளையும் கூட்டிப் போய்க் காட்டு.
ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டிய நேரம்.
வெளியே கரி.

படிவத்தை எடுத்தேன்.
பெயர்? என்றேன்,
ஏழு வருடமாகத் தெரிந்த பெயரை.
சிரிக்கப் பார்த்தாள்.
இருமல்தான் முதலில் பேசியது.

அதற்குள் மணி அடித்தது.
என் கைக்கு முன் அவள் கை.
முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு,
"நூற்று மூன்று," என்றாள்,
"சொல்லுங்கள், கேட்கிறது."