சாவி எதிர்க்கடையில்

பூட்டிய கதவில் ஓர் அட்டை:
‘சாவி எதிரே, சிகையலங்காரக் கடையில்.
திங்கள் விடுமுறை.’
இன்று செவ்வாய். நல்லவேளை.
ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம்.
பையில் குளியலறை ஓடுகளின் மாதிரிகள்,
காலையிலிருந்து ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்காதவை.

த்ருவா நகரின் பழைய பேட்டை.
மரச்சட்ட வீடுகள் மாடிக்கு மாடி முன்னே சரிந்து
சந்துக்கு மேலே நெற்றி முட்ட நிற்கின்றன.
ஒரு குடையை விரித்தால்
இரண்டு வீட்டாரும் கோபிப்பார்கள்.

தலை நிறைய வெள்ளித்தாள் மடித்த ஒருத்தியை
நாற்காலியில் அப்படியே விட்டுவிட்டு
கடைக்காரி யுகெத் மர்சொதோன்
ஒரு சாண் நீளச் சாவியை நீட்டினாள்.
“முதலில் உங்கள் பக்கம் இழுங்கள், பிறகு திருப்புங்கள்.
தள்ளினால் அதற்குப் பிடிக்காது.”
சாவியிலும் சாயத்தின் நெடி.

உள்ளே குளிர்,
பல தலைமுறையாய் வாடகை கொடுத்துக்
குடியிருப்பதுபோல.

தேவாலயத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள்.
நான் தரையைப் பார்க்கிறவன். தொழில் அப்படி.
நடுவழி முழுக்கக் கல்லறைக் கற்கள்.
ஒரு துணி வணிகர், அவர் மனைவி, அப்புறம் மூன்று பேர்,
அவர்கள் பெயரைச் செருப்புகள் தின்றுவிட்டன.
ஒரு கல்லில் மிஞ்சியது ஒரே சொல்:
‘இங்கே’.
யார் என்பது போய்
எங்கே என்பது மட்டும் கிடக்கிறது.

மூன்றாம் தூணருகே யாரோ புதுக்கல் பதித்திருக்கிறார்கள்.
சாந்து சரியில்லை. மூன்று மில்லிமீட்டர் தூக்கல்.
என் ஆளாயிருந்தால் திட்டியிருப்பேன்.

கண்ணாடி ஓவியத்தையும் தரையில்தான் கண்டேன்:
எந்தப் புனிதரின் அங்கியோ
என் காலணிமேல் சிவப்பாய் ஏறி
மேகம் வந்ததும் இறங்கிக்கொண்டது.
கூரை ஒழுகும் இடத்தில் நீல பிளாஸ்டிக் வாளி.
டொக்.
மறந்துபோன பிறகு
டொக்.

பீடத்தின் ஓரம் வேண்டுதல் நோட்டு,
கயிற்றில் கட்டிய பேனா.
‘திபோ ஓட்டுநர் தேர்வில் தேறவேண்டும்.’
நான்கு பக்கம் தள்ளி, அதே சாய்ந்த கையெழுத்து:
‘திபோ. மறுபடியும்.’
இன்னும் தள்ளி:
‘ரவுண்டானா ஒன்றுதான் தொந்தரவு, ஆண்டவரே.’
இடையில் வேறொருவர்:
‘பக்கத்து வீட்டு நாய் வாயை மூடட்டும்.
சாகவேண்டாம். மூடினால் போதும்.’

கடைசியாக நான் எதையாவது கேட்டது
ஒரு மருத்துவமனை நடைபாதையில்.
என்ன சொல்லிக் கேட்டேன் என்று மறந்துவிட்டது.
தரை நினைவிருக்கிறது:
பச்சை லினோலியம், சுவரோரம் பிளந்தது.

பேனாவை எடுத்தேன்.
மை இருக்கிறதா என்று
தாளின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்தேன்.
இருந்தது.
வைத்துவிட்டேன்.

பூட்டும்போதுதான் கவனித்தேன்,
கதவின் அட்டையிலும் அதே சாய்ந்த கையெழுத்து.

“எப்படி இருந்தது?” என்றாள் யுகெத்,
வெள்ளித்தாள்களைப் பிரித்துக்கொண்டே.
“தூணருகே ஒரு கல் தூக்கலாயிருக்கிறது.”
“ஆமாம், எல்லோரும் அங்கேதான் இடறுவார்கள்.”
வேறொன்று கேட்க வாய் வந்தது.
சாவியை ஆணியில் மாட்டினாள். கிளம்பிவிட்டேன்.

ரயிலடிக்குப் போகும் வழியில் ரவுண்டானா.
கூரையில் பயிற்சிப் பலகை வைத்த வெள்ளைக் கார்
சுற்றியது. மறுபடி சுற்றியது.
பின்னால் ஒரு பால் லாரி ஒலியெழுப்பியது.
உள்ளே இருப்பது யாரோ,
திபோவாக இருக்கவேண்டிய அவசியமில்லை.
ஓட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

மூன்றாம் சுற்று.
இப்போது, என்றேன் வாய்க்குள்.
இப்போது.