மேற்குச் சுவர்

வீட்டுக்குப் பின்னால் இருந்த செம்பனைகளை
மறுநடவுக்கென்று சாய்த்துவிட்டார்கள்.
இருபத்திரண்டு வருசம் எங்கள் சுவருக்கு
நாலு மணி வெயிலே தெரியாது.
இப்போது தெரிகிறது.

இரவு பத்துக்குக் கை வைத்துப் பார்த்தால்
காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகு.
சுவருக்கு பெனடோல் கொடுக்க முடியுமா?

கையுறை ஃபேக்டரியில் எனக்கு இரவு வேலை.
பகலில்தான் தூக்கம்.
வெயிலேற ஏற மேலே தகரம் சொடக்கு எடுக்கும்,
ஒரு கண் மூடும், மற்றது மூடாது.

தவணையில் ஏர்கோன் போடலாம் என்றார் இளமாறன்.
கரண்டு பில்லை எடுத்து
அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
மறுநாள் கறுப்பு வலையோடு வந்தார்,
படாங் செராய் நாற்றுக்கடையில்
மீட்டர் ஆறு வெள்ளி.

வலை கட்டி, மார்கிசாக் கொடியை ஏற்றி,
துணி மெஷின் கழித்த தண்ணீரை வாளியில் பிடித்துச்
சிமெண்டில் ஊற்றினால்
ஸ்ஸ் என்றது தரை,
முதல் தோசைக்குத் தெளித்த கல் மாதிரி.

ஈரம் எப்படித்தான் தெரியுமோ.
முதலில் ஒரு தவளை.
அப்புறம் ரொக்கியா அக்காவின் மொட்டைவால் பூனை.
அப்புறம், பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு,
ரொக்கியா அக்காவே.
காற்று வந்ததும் பேசலாம் என்று
சும்மா உட்கார்ந்திருந்தோம்.

வேலிக்கு அந்தப் பக்கம்
புதுக் கன்றுகள் முழங்கால் உயரம்.
தங்கள் நிழலில் தாங்களே நிற்க
இடம் போதாதவை.

கம்பெனிக் கன்றுதான்.
மிச்சமிருந்த அரை வாளியை
சோப்பு நுரையோடு
வேலிக்கு மேலே வீசினேன்.