மீட்பு விலை

ஈரி நகரத்துப் பேரங்காடியின் வாசலில்
சில்லறை எண்ணும் பெட்டிக்கும்
தள்ளுவண்டிகளின் வரிசைக்கும் நடுவே
நிற்கிறது என் இயந்திரம்.
என்னுடையது இல்லை, கம்பெனியுடையது.
சாவி மட்டும் என்னுடையது,
அதுவும் செவ்வாய்க்கிழமைகளில்.

பழைய வீடியோ கேம் டிஸ்க்கை வாயில் வைத்தால்
உள்ளே இழுத்துச் சுழற்றி
அடியில் ஒளி பாய்ச்சிக் கீறல்களை எண்ணி
ஓட்டுநர் உரிமத்தைக் காட்டச் சொல்லி
ஒரு தொகை சொல்லும்.
பேரம் கிடையாது.
சம்மதம், வேண்டாம் என்று இரண்டு பொத்தான்கள்.
வேண்டாம் என்று அழுத்தியவர்கள்
மறுபடி டிஸ்க்கை நீட்ட எடுத்துக்கொள்வது
சராசரி நாற்பது நொடி.
பதிவேட்டில் அதற்கொரு கட்டம் உண்டு.

அக்டோபர் கடைசியில் அதை முதலில் பார்த்தேன்.
கார் பந்தயம். உறையில் மழைச் சாலை.
டிஸ்க்கின் நடு ஓட்டை ஓரத்தில்
நகப்பூச்சால் வைத்த ஒரு நீலப் பொட்டு.
பன்னிரண்டு டாலருக்கு உள்ளே வந்திருந்தது.
நவம்பர் ஐந்தாம் தேதி
பத்தொன்பதுக்கு வெளியே போனது.

நவம்பர் இருபத்தெட்டு. அதே பொட்டு. ஒன்பதரை.
டிசம்பர் நான்கு. வெளியே. பதினேழு.

தட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன்.
விற்பனை இல்லை இது.
அடகு.

ஊரில் இரண்டு தொழிற்சாலைகள் அந்தக் குளிர்காலத்தில்
வாரத்தை நான்கு நாளாகச் சுருக்கியிருந்தன.
மாதத்தின் கடைசி வாரத்துக்கு மட்டும்
எப்படியோ ஏழு நாள்.

யாரென்று தெரியாது.
உரிம எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான்
எனக்குக் காட்டும்: 7306.
நானே முகம் வைத்துப் பார்த்தேன்.
பேருந்து ஓட்டும் ராஸ்கோவின் முகம்,
மருந்துக் கவுன்டரில் எப்போதும் தும்முகிற பெண்ணின் முகம்.
எதுவும் உட்காரவில்லை.

ஜனவரியில் ஆறேகால்.
பிப்ரவரியில் நான்கு;
உறைக்குள் மடித்த ரசீது ஒன்று கிடந்தது:
முட்டை, பூனை மணல், இருமல் மருந்து.
மருந்தின் மேல் கோடு போட்டுத் திருப்பியிருந்தார்கள்.
ஒவ்வொரு முறையும் விலை கொஞ்சம் இறங்கியது,
மீட்கும் விலை அவ்வளவாக இறங்கவில்லை.
பதினெட்டாம் தெருவில் அடகுக்கடை வைத்திருக்கும்
கிழவன் ஷிமான்ஸ்கிகூட
இவ்வளவு வட்டி வாங்கமாட்டான்.
வாங்கினாலும்
வெளியே வழுக்குகிறது, பார்த்துப் போ என்பான்.

மார்ச்சில் மூன்றாம் பாகம் வெளிவந்தது.
இந்தத் தலைப்பை இனி ஏற்பதில்லை என்றது திரை.
இயந்திரத்தின் தலைமேல், தூசியில்,
நீலப் பொட்டு வானம் பார்த்துக் கிடந்தது.

மீட்க முடியாத நகை மூழ்கிப் போகும், அது தெரியும்.
மூழ்கவும் இடமில்லாமல்
கரையிலேயே கிடந்ததை
அன்றுதான் பார்த்தேன்.

என் உரிமத்தைக் காட்டி நானே வைத்துப் பார்த்தேன்.
எனக்கும் அதே வரி,
அதே பணிவான எழுத்தில்.

கைவிட்ட சரக்கு சாம்பல் நிறப் பையில் போக வேண்டும்;
விதி பதினொன்று.
பையைத் திறந்தேன். மூடினேன்.
எவ்வளவு நேரம் என்று யாரும் எண்ணவில்லை.
பிறகு இயந்திரத்தின் இடது விலாவில்,
உதவிக்கு அழைக்க வேண்டிய எண்ணுக்குக் கீழே,
டேப் போட்டு ஒட்டினேன்.
டேப்பின் மேல் பேனாவால் 7306.

அடுத்த செவ்வாய் டேப்பில் பாதிதான் இருந்தது.
73.

திங்கள் இரவுகளில் வாசலைத் துடைப்பவள் வெர்லீன்.
ஒட்டியதையெல்லாம் சுரண்டி எடுக்க
இடுப்பில் ஒரு தகடு செருகியிருப்பாள்.
இரவு வேலை நீண்டுவிட்டது போலும்,
வாளியைத் தள்ளிக்கொண்டு என்னைக் கடந்து போனாள்.
கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.
கேட்கவில்லை.
விரல் நகங்களை மட்டும் பார்த்தேன்.
மஞ்சள் ரப்பர் கையுறை
முழங்கை வரைக்கும்.